டாங்கோ ஆவணப்படம் முடிந்த பிறகு: வாசிகசாலைத் திரையிடலில் கலந்துரையாடலை நடத்தும் முறை

யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ வெளிநாட்டு ஆவணப்படமொன்றைத் திரையிடுவது இன்று பெரிய காரியமல்ல. ஒரு மடிக்கணினியும், இரவல் வாங்கிய புரொஜெக்டரும், வெள்ளையடித்த சுவரும், நாற்பது கதிரைகளும் இருந்தால் போதும். படம் முடிந்து விளக்கைப் போட்ட பின் வரும் முக்கால் மணித்தியாலத்தை எப்படிக் கொண்டுசெல்வது என்பதுதான் சிக்கல். டாங்கோ இசையையும் நடனத்தையும் பற்றிய படமென்றால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். இசையைக் கேட்க வந்தவர் ஒருவர், ஆட்டத்தைப் பார்க்க வந்தவர் இன்னொருவர், ஆணும் பெண்ணும் அணைத்து ஆடுவதைக் கண்டு முகம் சுளித்தவர் வேறொருவர். மூவரும் ஒரே மண்டபத்தில் இருந்தாலும் அவர்கள் பார்த்தவை மூன்று படங்கள்.

நான் முதன்முதலில் நடத்திய கூட்டம் சரியாகப் போகவில்லை. விளக்கைப் போட்டதும் "படம் எப்படி?" என்று கேட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து, "தம்பி, இது எங்கட பண்பாட்டுக்கு ஒத்துவராது" என்றார். பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, கூத்தில மட்டும் ஆட்டம் இல்லையோ?" என்று கேட்டார். அதன்பின் அரை மணித்தியாலம் பண்பாட்டைப் பற்றியே கதைத்தோம், தேநீர் ஆறிப்போனது, படத்தில் வந்த ஓர் இசைத்துண்டைக்கூட ஒருவரும் குறிப்பிடவில்லை. பிழை அந்த ஆசிரியருடையதல்ல. "எப்படி?" என்று கேட்டால் தீர்ப்புத்தான் வரும்; தீர்ப்புச் சொன்னவர் பிறகு அதைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருப்பார். அடுத்த முறை "படத்தின் எந்த இடம் உங்களை அப்படி நினைக்க வைத்தது?" என்று கேட்டேன். இங்கே சொல்லப்போகும் முறை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்தது.

படத்தைத் தெரிவுசெய்த பிறகு, கூட்டத்தை நடத்துபவர் அதை முன்கூட்டியே இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஒரு தடவை வழக்கம்போல் பார்க்கலாம். மற்றத் தடவை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும். இப்படிக் கேட்கும்போதுதான், நடனக் காட்சியில் கண் மயங்கி நாம் தவறவிட்ட இசை எது என்பது தெரியவரும். பார்க்கும்போதே ஐந்தாறு இடங்களை நிமிடக் கணக்குடன் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்: வாத்தியத்தை அருகில் காட்டும் இடம், பழைய ஒலிப்பதிவு வரும் இடம், மக்கள் தமக்காக ஆடும் மண்டபம், பார்வையாளருக்காக ஆடும் மேடை, யாராவது ஒருவர் "இது டாங்கோவே அல்ல" என்று கோபப்படும் இடம். டாங்கோ பற்றிய படங்களில் இந்தக் கடைசி இடம் பெரும்பாலும் இருக்கும். விவாதம் தொடங்கியபின் அந்தத் துண்டைத் தேடி முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் டபிள் பேஸ் என்ற பெரிய நரம்பு வாத்தியம் அறவே கேட்காது. டாங்கோவின் நடையைத் தாங்குவது பெருமளவு அதுவும் பியானோவின் இடக்கைப் பக்கமுந்தான். அதற்காகக் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்துவிடவும் கூடாது. அதில் வயலின் கீச்சிடும், அடித்தொனி அப்போதும் வராது. அடித்தொனி நன்றாக வரும் பெட்டி ஒலிபெருக்கி இரண்டை யாரிடமாவது இரவல் கேளுங்கள். "இசை ஒரே மாதிரிச் சலிப்பாக இருந்தது" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் இசையின் பாதி கேட்டிருக்காது.

உபதலைப்பு விடயத்திலும் கவனம் தேவை. படத்தில் ஸ்பானிய மொழியில் பேசுவார்கள். திரையின் அடியில் ஆங்கிலம் ஓடும். கால்கள் ஆடுவதும் திரையின் அதே அடிப்பகுதியில்தான். அதனால் வாசிப்பவர் ஆட்டத்தைத் தவறவிடுவார். ஆட்டத்தைப் பார்ப்பவர் பேச்சைத் தவறவிடுவார். பேசுபவர்கள் யார், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக அச்சிட்டு முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டால் கண் சற்று ஓய்வாக இருக்கும். கேட்டால் விளங்கக்கூடிய சில சொற்களையும் அந்தத் தாளின் அடியில் போடலாம். போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன சப்பாத்து, மேசை என்ற சொற்களின் உடன்பிறப்புகள் ஸ்பானிய மொழியிலும் இருக்கின்றன. நாங்கள் காட்டிய படத்தில் முதிய நடனக்காரர் ஒருவர் தன் காலணியைத் தூக்கிக்காட்டி "சப்பாத்தோ" என்றபோது மண்டபமே சிரித்தது. எங்கள் கலியாண வீடுகளில் ஆடும் பைலாவின் பெயரும் அந்த வழியில் வந்ததே.

திரையிடுமுன் பேசும் அறிமுகம் ஏழு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படத்தைப் புகழக் கூடாது; "உலகப் புகழ்பெற்ற" என்று நீங்கள் தொடங்கினால், பிடிக்காதவர் பிறகு வாய் திறக்கமாட்டார். தரவுகளை மட்டும் கொடுங்கள். தென்னமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்தின் இரு கரைகளிலுமுள்ள புவனஸ் அயர்ஸ், மொண்டெவிடியோ ஆகிய துறைமுக நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டாங்கோ உருவானது. ஆபிரிக்க வழிவந்தவர்களின் தாளம், கியூபாவிலிருந்து வந்த ஹபனேரா என்ற நடன இசை, நாட்டுப்புறத்து மிலோங்கா என்ற பாட்டு வகை, இத்தாலியரும் ஸ்பானியரும் கொண்டுவந்த மெட்டுகள் ஆகியவை அதில் கலந்தன. 1914ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது புவனஸ் அயர்ஸ் மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1935 தொடக்கம் 1955 வரையான காலத்தை டாங்கோவின் பொற்காலம் என்பார்கள். 2009இல் ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் சேர்ந்து விண்ணப்பித்து யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் அதைச் சேர்த்தன. இவ்வளவும் சொன்னால் போதும்.

அறிமுகத்தில் நான் சற்று நேரம் செலவழிப்பது பண்டோனியன் என்ற வாத்தியத்துக்குத்தான். பார்ப்பவர்கள் அதை அக்கோர்டியன் என்றே நினைப்பார்கள். பெயர், ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் அதை விற்ற ஹைன்ரிச் பாண்ட் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. டாங்கோவில் வழங்கும் வகையில் 71 பொத்தான்கள் உண்டு. துருத்தியை விரிக்கும்போது ஒரு பொத்தான் ஒரு சுரத்தைத் தரும். மூடும்போது அதே பொத்தான் பெரும்பாலும் வேறொரு சுரத்தைத் தரும். ஆகவே அதை 142 சுர வாத்தியம் என்பார்கள். இதை விளக்க எங்கள் ஊரில் நல்ல வழியொன்று இருக்கிறது: ஓர் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். இரண்டுக்கும் காற்றில் அதிரும் உலோக நாக்குகள்தான் குரல். இரண்டும் ஐரோப்பாவில் பிறந்து, வேறொரு கண்டத்தின் துயரத்தைப் பாடப் போனவை. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தில் ஆர்மோனியத்தை அந்நிய வாத்தியமென்று எந்தப் பார்வையாளரும் எண்ணியிருக்கமாட்டார். பண்டோனியன் அங்கே அப்படித்தான்.

விளக்கைப் போட்டதும் ஒருவரையும் பேச அழைக்க வேண்டாம். ஆளுக்கொரு சிறு துண்டுத் தாளும் பென்சிலும் கொடுத்து, தேநீர் வரும் பத்து நிமிடத்துக்குள் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: மனதில் நின்ற ஓர் இடம், ஒத்துக்கொள்ள முடியாத ஓர் இடம். பெயர் எழுதத் தேவையில்லை. எங்கள் கூட்டங்களில் முதலில் பேசுபவர் மூத்தவராகவோ பதவியிலிருந்தவராகவோ இருப்பதும், அவர் சொன்னதற்குப் பிறகு மற்றவர்கள் மரியாதைக்காக அடங்கிப்போவதும் வழமை. பெண்கள் பெரும்பாலும் கடைசியில்தான் பேசுவார்கள், அல்லது வீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் தங்களுக்குள் பேசுவார்கள். துண்டுத் தாள் இருந்தால் அந்தப் பேச்சும் மண்டபத்துக்குள் வரும். தேநீர் குடிக்கும் நேரத்தில் தாள்களை இசை, ஆட்டம், வரலாறு, படமெடுத்த விதம் என்று நான்கு கும்பிகளாகப் பிரித்துவிடுங்கள். இசையில் தொடங்குங்கள். ஆட்டத்தில் தொடங்கினால் அணைப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இசைக் கும்பியில் யாழ்ப்பாணத்தில் எதிர்பார்க்க வேண்டிய முதல் கேள்வி, "மேளம் எங்க?" என்பது. எங்களிடம் அதைக் கேட்டவர் ஒரு தவில் வித்துவான். இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்குப் பெயர்பெற்ற மண்ணில் இது வராவிட்டால்தான் ஆச்சரியம். பண்டோனியன், வயலின், பியானோ, டபிள் பேஸ் ஆகியவற்றாலான வழமையான டாங்கோ வாத்தியக் குழுவில் தோல் வாத்தியம் கிடையாது. தாளம் வில்லின் வெட்டிலும் பியானோவின் இடக்கையிலும் துருத்தியின் உதறலிலும் ஒளிந்திருக்கிறது. வயலின்காரர்கள், நரம்புகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டுக்குப் பின்புறமுள்ள நரம்பில் வில்லைத் தேய்த்துச் சில்வண்டுபோல் ஓர் ஓசை எழுப்புவதும் உண்டு. இதைச் சொல்லிவிட்டு, குறித்துவைத்த துண்டை மறுபடி போட்டு, பார்க்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பியசோலா. 1921இல் பிறந்து 1992இல் மறைந்த பண்டோனியன் கலைஞரும் இசையமைப்பாளருமான அஸ்தோர் பியசோலா, பரிஸில் நாதியா புலான்ஜே என்ற இசை ஆசிரியையிடம் பயின்று 1955இல் நாடு திரும்பியபின், டாங்கோவை ஆடுவதற்கான இசையிலிருந்து கேட்பதற்கான இசையாக நகர்த்தினார். பழைமைவாதிகள் அது டாங்கோவே அல்ல என்றார்கள். இந்தச் சண்டை படத்தில் எப்படியும் வரும். உங்கள் மண்டபத்திலும் இரண்டு அணியாகப் பிரிவார்கள். அணிகளை வார்த்தையால் மோதவிடாமல் காதால் மோதவிடுங்கள். முதலில் "தாளத்தின் அரசன்" என்று பெயரெடுத்த ஹுவான் தாரியென்சோவின் பொற்கால ஒலிப்பதிவு ஒன்றை ஒரு நிமிடம் போடுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கால் தானாக எண்ணும். பிறகு பியசோலாவை ஒரு நிமிடம் போடுங்கள். எங்கள் தவில் வித்துவான் கதிரையின் கைப்பிடியில் தட்டிப் பார்த்துவிட்டு, "தகிட தகிட தக" என்றார். எட்டு நுண்ணடிகளை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கும் அந்த அழுத்தமே பியசோலாவின் கையொப்பம். அது பழைய மிலோங்காவிலும் ஹபனேராவிலும் கிடந்த அழுத்தந்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், புதுமையென்று திட்டியவரும் மரபை விட்டுவிட்டாரென்று வருந்தியவரும் ஒரு கணம் யோசிப்பார்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால், அது காதால் கேட்டுச் சொன்ன பிடிக்காமை. அதை மதிக்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றிய அபிப்பிராயங்களில் நாகரிகம் கூடுதலாக வேண்டும். அணைப்பு சங்கடமாக இருந்தது என்று எழுதியவரைப் பிற்போக்கர் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். டாங்கோவின் அணைப்பு அதன் சொந்த நாட்டிலேயே ஒரு காலத்தில் கண்ணியக் குறைவாகக் கருதப்பட்டதுதான்; 1913ஆம் ஆண்டளவில் பரிஸ் நகரம் அந்த ஆட்டத்தில் மயங்கிய பிறகே ஆர்ஜென்டீனாவின் மேல்தட்டு அதை மனமுவந்து ஏற்றது. அதேவேளை, அந்த அணைப்பைச் சுற்றிக் கட்டுப்பாடுகள் பல உண்டு என்பதையும் காட்ட வேண்டும். மிலோங்கா என்றே அழைக்கப்படும் நடன மண்டபத்தில் ஆண் போய்ப் பெண்ணின் கையைப் பிடித்து இழுப்பதில்லை. தூரத்திலிருந்து பார்வையால் கேட்பார். சம்மதமென்றால் பெண்ணும் பார்த்துத் தலையசைப்பார். விருப்பமில்லையென்றால் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிடுவார், ஒருவருக்கும் அவமானமில்லை. இணைகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாக நகர்வார்கள். மூன்று அல்லது நான்கு பாடல்கள் ஒரு தொகுதியாக ஒலிக்கும். அதன்பின் சம்பந்தமில்லாத ஒரு துண்டு இசை வரும்போது எல்லோரும் களத்தை விட்டு இறங்கி இருக்கைக்குப் போவார்கள். பரிஸிலிருந்து விடுமுறையில் வந்திருந்த அக்கா ஒருவர் அந்தத் தலையசைப்பை இருந்த இடத்திலிருந்தே செய்து காட்டினார். அதற்குப் பிறகு முன்வரிசை முகங்கள் சற்றுத் தளர்ந்தன. ஆனால் "அங்கே ஆடியிருக்கிறேன்" என்று சொல்பவர்களிடம் ஒலிவாங்கியை நீண்ட நேரம் விட்டுவைப்பது நல்லதல்ல. போய்ப் பார்த்தவரின் சொல்லுக்கு எங்கள் ஊரில் தேவைக்கு மேல் எடை உண்டு.

மேடை ஆட்டமா, மண்டப ஆட்டமா என்ற தகராறுதான் என் அனுபவத்தில் மிகவும் பயனுள்ளது. காலை உயர வீசி, பெண்ணைத் தூக்கிச் சுழற்றும் காட்சிகளை இளையவர்கள் விரும்புவார்கள், முதியவர் இருவர் கண்ணை மூடி மெல்ல நடப்பதை "இதென்ன ஆட்டம்?" என்பார்கள். இன்னொரு பகுதியினருக்கு மேடை ஆட்டம் வெறும் வித்தை. 1983இல் பரிஸிலும் 1985இல் நியூயோர்க்கின் பிராட்வேயிலும் மேடையேறிய பெரும் நிகழ்ச்சியொன்று டாங்கோவை உலகெங்கும் மீண்டும் பரப்பியது. மேடை ஆட்டம் இல்லாவிட்டால் அந்த ஆவணப்படமே எடுக்கப்பட்டிராது என்று வாதிடவும் இடமுண்டு. 2003 முதல் புவனஸ் அயர்ஸில் நடக்கும் உலகப் போட்டியில் மண்டப வகை, மேடை வகை என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இது புதிய தகராறல்ல. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்ததைக் கூத்தின் மறுபிறப்பு என்பவர்களும் கூத்தின் உயிரை எடுத்ததென்று கருதுபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் கூத்து ஆடியவர் ஒருவர் மண்டபத்தில் இருந்தால், டாங்கோவைப் பற்றி அவரிடம் கேட்காமல் களரியில் ஆடும்போது பார்வையாளர் எங்கே இருப்பார்கள் என்று கேளுங்கள். விடை தானாகப் படத்துக்குத் திரும்பிவரும்.

வரலாற்றுக் கும்பியைச் சுருக்கமாக முடிக்கலாம், ஓர் இடத்தைத் தவிர. டாங்கோவின் பிறப்பைச் சொல்லும் படங்கள் பல, இத்தாலியக் குடியேறிகளை நீளமாகக் காட்டி, ஆபிரிக்க வழிவந்தவர்களைத் தொடக்கத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கவனித்த பார்வையாளர் இதைக் குறையாகச் சொன்னால் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆபிரிக்க வழிவந்தவர்களின் முரசு மரபான கந்தோம்பே உருகுவேயில் இன்றும் உயிரோடிருக்கிறது. டாங்கோ சேர்க்கப்பட்ட அதே 2009இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. "மேளம் எங்க?" என்ற கேள்வியை இந்த இடத்தில் மறுபடி நினைவூட்டுங்கள், அது இப்போது வேறு கேள்வியாகிவிடும். டாங்கோவின் புகழ்பெற்ற பாடகர் கார்லோஸ் கார்தெல் பிரான்சின் துலூஸில் பிறந்தாரா, உருகுவேயின் தக்குவரெம்போவில் பிறந்தாரா என்பதைப் போன்றவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 1935இல் கொலம்பியாவின் மெடலின் நகர விமான விபத்தில் அவர் இறந்தார் என்பதில் எல்லோரும் உடன்படுகிறார்கள்.

அரசியலைப் படம் தொடவில்லை என்ற முறைப்பாடும் எங்கள் மண்ணில் நிச்சயம் வரும். பியானோக் கலைஞர் ஒஸ்வால்தோ புக்லியேசே பொதுவுடைமைக் கட்சிக்காரர். பலமுறை சிறைக்குப் போனவர். அவர் சிறையில் இருந்த நாட்களில் அவரது குழு அவரில்லாமலே வாசித்தது. பியானோவின் மேல் ஒரு சிவப்புக் கார்னேசன் பூ வைக்கப்பட்டிருக்கும். இதை நான் சொன்னபோது மண்டபம் சிறிது நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை அவசரமாக நிரப்ப வேண்டாம். அதன்பின் "இது எங்கட கதைதான்" என்று ஒருவர் தொடங்குவார்; புலம்பெயர்ந்தோரின் ஏக்கம், விட்டுவந்த ஊர், தாய் என்று டாங்கோப் பாடல்களும் பேசுவதால் ஒப்புமை பொய்யல்ல. ஆயினும் ஒருவர், அதிகம் இருவர் பேசியதும் "படத்தில் எந்த இடம்?" என்று கேட்டுத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் புவனஸ் அயர்ஸ் காணாமற்போய்விடும்.

படமெடுத்த விதத்தைப் பற்றிய தாள்கள் குறைவாகவே இருக்கும். கால்களை மட்டும் அருகில் காட்டி உடலை வெட்டிவிட்டார்கள், பாட்டு முடிவதற்குள் பேட்டிக்குத் தாவிவிட்டார்கள் என்பன போன்ற குறைகள் பெரும்பாலும் சரியானவை. நேரமிருந்தால் ஒரு துண்டைப் போட்டுக் காட்டலாம்.

பேச்சின் ஒழுங்குக்கு டாங்கோ மண்டபத்திலிருந்தே ஒரு வழியைக் கடன் வாங்கியிருக்கிறேன். ஒரே விடயத்தில் மாறுபட்ட மூன்று அல்லது நான்கு தாள்களைத் தொடர்ந்து வாசித்து, விரும்பியவர்களைப் பேசவிட்டு, பிறகு அரை நிமிடம் இசையைப் போடுவேன். இசை வந்தால் அந்தத் தொகுதி முடிந்தது என்று பொருள்; யார் எந்த வசனத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். மூத்தவரை "ஐயா, போதும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பண்டோனியன் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கடைசியில் வாக்கெடுப்போ நன்றியுரையில் தீர்ப்போ வேண்டாம். வாசிகசாலைக் கூட்டக் குறிப்பில் "பலரும் பாராட்டினர்" என்று எழுதும் பழக்கத்தை இந்த ஒரு நாளாவது விட்டு, மாறுபட்ட அபிப்பிராயங்களை நிமிடக் கணக்குடன் அப்படியே பதிவுசெய்யுங்கள். துண்டுத் தாள்களை ஒரு கடித உறையில் போட்டு, மேலே திகதியை எழுதி, அலுமாரியில் வையுங்கள். எங்கள் உறையில் 38 தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் "அணைப்பு வேண்டாம், பாட்டு வேணும்" என்றும், இன்னொன்றில் "கிழவனும் கிழவியும் நடந்த இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ" என்றும் எழுதியிருக்கிறது. அடுத்த மாதம் அந்த இடத்தைத்தான் முதலில் போட்டோம்.